புறாமாடத்தில் 6 மில்லிமீட்டர்

நான் செய்துவரும் சிறிய மாளிகை மாதிரிக்கு மூன்றாவது தடவையாகச் சுற்றிய சுவர் நேற்று ராத்திரி கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. இரண்டு ஃபோம் ஷீட் குப்பைக்குப் போன பிறகு வந்த வெற்றி, அதனால் கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன்.

செய்துகொண்டிருப்பது பிரான்சின் நார்மண்டியில், தியெப் நகருக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் அங்கோ மாளிகை. முற்றத்தில் நிற்கும் புறாமாடத்திலிருந்து ஆரம்பித்தேன். வட்டச் சுவர் முழுக்கச் செங்கல், மணற்கல், கறுப்புச் சிக்கிமுக்கிக் கல் மூன்றையும் கலந்து, பாய் முடைந்த மாதிரி வேலைப்பாடு.

உள்கூடு 110 மி.மீ. பி.வி.சி. குழாய். சுற்றளவு 345.6. பதினாறு கட்டம், ஒன்றுக்கு 21.6 என்று வரைந்து வெட்டிச் சுற்றினால், முதல் கட்டத்துக்கும் கடைசிக் கட்டத்துக்கும் நடுவே 6 மி.மீ. பிளந்து நிற்கிறது! இரண்டாம் தடவை இழுத்து ஒட்டினேன். காலையில் பார்த்தால் திரும்பவும் வாயைத் திறந்திருந்தது. அப்புறம்தான் உறைத்தது. ஷீட்டின் கனம் 2 மி.மீ. வளைக்கும்போது உள்பக்கம் சுருங்கும், வெளிப்பக்கம் இழுபடும், நடுக்கனத்தில் மட்டும் நீளம் மாறாது. அப்படியென்றால் இரண்டு பக்கமும் 1 மி.மீ. சேர்த்து விட்டம் 112. சுற்றளவு ஏறக்குறைய 352, பதினாறால் வகுத்தால் 22. என் அவசரத்துக்கு இரண்டு ஷீட் தண்டம்.

சிக்கிமுக்கிக் கல்லுக்கு அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி, கறுப்பு ஃபோம்மேல் அழுத்தினேன். உடைந்த கல்லின் சொரசொரப்பு அப்படியே வந்தது. ஆன்லைனில் வாங்கிய கறுப்பு ஷீட் மடங்கித்தான் வந்தது. இனிமேல் நேரில் போய்த்தான் வாங்கவேண்டும்.

இதைக் கட்டிய ழான் அங்கோ தியெப்பின் கப்பல் முதலாளி. மெக்சிகோவின் அஸ்டெக் பேரரசை வென்ற ஸ்பானியத் தளபதி கோர்த்தேஸ் அங்கிருந்து ஸ்பெயினுக்கு அனுப்பிய செல்வத்தைக் கடலில் மடக்கிப் பறித்த ழான் ஃப்ளூரி இவரிடம் வேலை பார்த்த மாலுமி. மாளிகை 1530களில் எழும்பியது. அன்றைய நார்மண்டியில் இப்படித் தனிக் கட்டடமாகப் புறாமாடம் வைப்பது பிரபு நிலத்தோடு வரும் உரிமை. குடியானவன் விதைத்ததைப் புறா தின்றாலும் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பிரெஞ்சுப் புரட்சியில், 1789 ஆகஸ்டில்தான் அந்தச் சலுகை ஒழிந்தது. வணிகக் குடும்பத்தில் பிறந்தவர் முற்றத்தின் கண்ணில் படும் இடத்தில் இவ்வளவு அலங்காரமாக ஒன்றைக் கட்டினார் என்றால், பந்தா இல்லாமல் வேறென்ன?

வெங்காய வடிவக் கூரை இன்னும் பாக்கி. பன்னிரண்டு பட்டைகளாக வெட்டிப் பார்த்தேன், உச்சியில் முட்டிக்கொள்கிறது. அதை அப்படியே வைத்துவிட்டு, இத்தாலியப் பாணி வளைவு மண்டபத்துக்கு அட்டை வெட்ட உட்கார்ந்துவிட்டேன்.