ரெண்டு கண்ணிலும் புரை: 1750-இல் நடந்ததும் எனக்கு நடந்ததும்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சபையில் முப்பது வருஷமாக ஆர்கன் வாசிக்கிறேன். போன வருஷம் பாதியிலிருந்து நோட்டேஷன் (இசைக் குறிப்பு) புத்தகத்தில் ஐந்து கோடு ஏழெட்டுக் கோடாகத் தெரிய ஆரம்பித்தது. ராத்திரி ஆராதனை முடிந்து திரும்பும்போது எதிரே வரும் பைக் வெளிச்சம் பூவாகச் சிதறும், ரோட்டோரம் அப்படியே நின்றுவிடுவேன். ஒரே வருஷத்தில் மூன்று தடவை கண்ணாடி மாற்றினேன், ஒன்றும் பிரயோஜனமில்லை. கடைசியில் கண் ஆஸ்பத்திரியில் பாப்பாவை (கண்ணின் நடுவில் இருக்கிற கறுப்பு வட்டம்) விரிக்கிற மருந்து விட்டுப் பார்த்துவிட்டு, ரெண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் அதிகம், ஆபரேஷன்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்குப் பயம். கண்ணுக்குள் கத்தி போகிறது என்ற நினைப்பே போதும், சாப்பாடு இறங்கவில்லை. பாடகர் குழுவில் இருக்கும் அண்ணாச்சி ஒருவர் ஆறுதல் சொல்கிறேன் என்று, "நம்ம பாஹும் ஹேண்டலும் கூடக் கண் ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்கதாம்மா" என்றார். இத்தனை வருஷம் அந்த ரெண்டு இசையமைப்பாளர்களும் எழுதியதை வாசித்திருக்கிறேன், இது தெரியாது. அன்றைக்குத் தேட ஆரம்பித்தவள் மூன்று வாரம் பதினெட்டாம் நூற்றாண்டுக் கண் வைத்தியத்தையே படித்துக்கொண்டிருந்தேன். ஆபரேஷனுக்குப் போகப்போகிற யாருக்காவது உதவும் என்றுதான் படித்ததையும் பட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் புரையை எடுக்கமாட்டார்கள், தள்ளிவிடுவார்கள். கவுச்சிங் என்று பெயர். நம் சுஸ்ருத சம்ஹிதையிலும் இதே மாதிரி ஒரு முறை இருக்கிறது. நோயாளியை ஜன்னலைப் பார்த்து உட்கார வைத்து, ஒருவர் பின்னால் நின்று தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ள, வைத்தியர் எதிரே உட்கார்ந்து வெள்ளை விழி வழியாக ஒரு ஊசியைச் செலுத்தி, மங்கிப்போன வில்லையை (கண்ணுக்குள் இயற்கையாக இருக்கிற லென்ஸ்) பாப்பாவுக்குக் கீழே, கண்ணின் உள்ளே அமுக்கிவிடுவார். மரத்துப்போக எதுவும் கிடையாது. கண்ணை மரக்கடிக்கக் கோக்கெயின் சொட்டு 1884-இல்தான் வந்தது. வில்லை கீழே போனதும் வெளிச்சம் உள்ளே வரும், நோயாளிக்கு எதிரே இருப்பவர் முகம் தெரியும், கூடி நிற்பவர்கள் ஆச்சரியப்படுவார்கள். ஆனால் வில்லை எங்கேயும் போகவில்லை, கண்ணுக்குள்தான் கிடக்கிறது. சில சமயம் திரும்ப மேலே வரும். பல சமயம் கண் வீங்கிச் சீழ் பிடிக்கும்.

புரை என்பது என்ன என்றே ரொம்ப காலம் சரியாகத் தெரியாமல் இருந்திருக்கிறார்கள். பாப்பாவுக்கும் வில்லைக்கும் நடுவில் ஏதோ ஒரு நீர் இறங்கி ஏடு மாதிரி உறைந்துவிடுகிறது என்று நினைத்தார்கள். 1705-இல் மிஷேல் பிரிசோ என்கிற பிரெஞ்சு மருத்துவர், இறந்துபோன ஒரு போர்வீரனின் புரை விழுந்த கண்ணில் ஊசியால் தள்ளிப் பார்த்து, அப்புறம் அந்தக் கண்ணை அறுத்தும் பார்த்தார். கீழே கிடந்தது ஏடு இல்லை, வில்லையேதான். அவ்வளவு தெளிவாகக் காட்டியும் மற்றவர்கள் ஒத்துக்கொள்ளச் சில வருஷம் ஆனது.

பாஹ் விஷயத்துக்கு வருகிறேன். 1750-இல் அவருக்கு 65 வயது. ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயர் லைப்சிக் நகரத்துக்கு வந்தார். இவர் லண்டனில் செசெல்டன் என்ற பெரிய அறுவை மருத்துவரிடம் படித்தவர், இங்கிலாந்து ராஜாவுக்குக் கண் மருத்துவர் என்ற பட்டமும் உண்டு. கண் படங்கள் வரைந்த குதிரை வண்டியில் ஊர் ஊராகப் போய் வைத்தியம் செய்வார். மார்ச் கடைசியில் ஒன்று, ஏப்ரல் முதல் வாரத்தில் இன்னொன்று என்று பாஹுக்கு ரெண்டு தடவை கண்ணில் ஊசி. பார்வை வரவில்லை. கூடவே கொடுத்த மருந்துகளும் உடம்பைக் கெடுத்தன என்று அவருடைய மகனும் சீடரும் எழுதிய இரங்கல் குறிப்பிலேயே இருக்கிறது. ஜூலை 28-ஆம் தேதி போய்விட்டார். ஹேண்டலுக்கு 1751-இல் ஜெஃப்தா என்ற இசைப் படைப்பை எழுதிக்கொண்டிருக்கும்போதே இடது கண் மங்கிவிட்டது; எழுத முடியாமல் நிறுத்துகிறேன் என்று அந்தக் கையெழுத்துப் பிரதியிலேயே குறித்து வைத்திருக்கிறார். அடுத்த வருஷம் ஒரு மருத்துவர் ஊசியால் புரையைத் தள்ளிப் பார்த்தார், 1758-இல் இதே டெய்லரும் பார்த்தார், பலனில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நாங்கள் பாடுகிற அல்லேலூயா கோரஸை எழுதியவர் கடைசி வருஷங்களை இருட்டில்தான் கழித்தார் என்று படித்த ராத்திரி நான் தூங்கவில்லை.

டெய்லர் விஷயத்தில் என்னை மிகவும் உறுத்தியது ஊசி இல்லை. கட்டைப் போட்டுவிட்டு சில நாள் அவிழ்க்கக் கூடாது என்று சொல்லி, அவிழ்ப்பதற்குள் அடுத்த ஊருக்குப் போய்விடுவாராம். கட்டுக்குள் அந்தக் கண் என்ன ஆனது என்று பார்க்க ஆள் இல்லை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், என் கதையிலும் இது வரும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதலில் சோதனைகள். சர்க்கரை, ரத்த அழுத்தம், கண்ணீர்ப் பாதை அடைத்திருக்கிறதா என்று மெல்லிய குழாயில் உப்புத் தண்ணீர் விட்டுப் பார்ப்பது (தொண்டையில் உப்புக் கரித்தால் பாதை திறந்திருக்கிறது என்று அர்த்தம்), அப்புறம் எந்த பவர் லென்ஸ் வைப்பது என்று கண்ணின் நீளத்தை அளப்பது. இந்த இடத்தில் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள், எவ்வளவு தூரத்தில் பார்க்கிறீர்கள் என்பதை டாக்டரிடம் அளவோடு சொல்லுங்கள். நான் டேப் வைத்து அளந்துகொண்டு போனேன்: என் கண்ணுக்கும் நோட்டேஷன் வைக்கிற பலகைக்கும் எழுபது சென்டிமீட்டர். தூரப் பார்வைக்கான சாதாரண லென்ஸ் வைத்துக்கொண்டு, அந்த எழுபது சென்டிமீட்டருக்கு மட்டும் தனியாக ஒரு கண்ணாடி போடுவது என்று முடிவு செய்தோம். விலை அதிகமான லென்ஸ்தான் நல்லது என்று வெளியே நிறையப் பேர் சொன்னார்கள். என் வேலைக்கு அது வேண்டாம் என்று டாக்டரே சொன்னார், அது சரியாகத்தான் இருந்தது.

ஆபரேஷன் நவம்பர் முதல் வாரம். வலது புருவத்துக்கு மேல் பேனாவால் அடையாளம் போட்டார்கள். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து, கடைசியில் மரத்துப்போகிற மருந்து, முகத்தின் மேல் துணி. வெளிச்சம் தெரிந்தது, அப்புறம் நிறங்கள், நீலம், ரோஸ், தண்ணீருக்குள் இருந்து மேலே பார்க்கிற மாதிரி. மெஷின் ஒரே சுரத்தில் மெல்லப் பாடியது, கொஞ்சம் ஏறி இறங்கியது. வலி இல்லை, அழுத்துகிற மாதிரி மட்டும்தான். பதினைந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு நின்ற சிஸ்டர் "முடிஞ்சுதும்மா" என்றபோது நான் அழுதுவிட்டேன். தலையைப் பிடித்து நெஞ்சோடு அழுத்த யாரும் தேவைப்படவில்லை என்பதை நினைத்துத்தான் அழுதேன்.

புரையைத் தள்ளாமல் வெளியே எடுக்கலாம் என்று வழி காட்டியவர் ழாக் டாவியேல், பிரெஞ்சுக்காரர். ஊசியால் தள்ளியும் பலிக்காத கண்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர் அந்த முடிவுக்கு வந்தார். 1747-இல் பொய்முடி செய்கிற ஒருவருக்கு முதலில் செய்தார். கருவிழியின் கீழ்ப்பக்கத்தைக் கத்தியால் திறந்து, வளைந்த கத்தரியால் ரெண்டு பக்கமும் அகலப்படுத்தி, மேலே தூக்கிப் பிடித்து, வில்லையைச் சுற்றியிருக்கிற பையைக் கிழித்து, மெதுவாக அழுத்தி வில்லையை வெளியே எடுத்திருக்கிறார். தையல் கிடையாது. நோயாளி அசையாமல் மல்லாந்து நாள் கணக்கில் படுத்திருக்க வேண்டும், இருட்டறையில். எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகும் கனத்த கண்ணாடி இல்லாமல் எதுவும் தெளிவாகத் தெரியாது. ஆனால் டாவியேல் கணக்கு வைத்திருந்தார்: 206 அறுவையில் 182 வெற்றி என்று பாரிஸில் அறிக்கை கொடுத்தார். மீதி 24-ஐ மறைக்கவில்லை பாருங்கள், அதனால்தான் அவர் மேல் எனக்கு மரியாதை. நம் தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி மன்னரும் அதற்கு அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கண் நோயாளிகளின் குறிப்புகளைக் கண்ணின் படங்களோடு எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார், சரஸ்வதி மகாலில் அவை இன்னும் இருக்கின்றன. எடுத்த வில்லைக்குப் பதில் கண்ணுக்குள்ளேயே வேறு லென்ஸ் வைப்பது 1949-இல்தான் கைகூடியது, ஹெரால்ட் ரிட்லி செய்தார், லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில். டெய்லரின் ஆசிரியர் செசெல்டன் வேலை பார்த்ததும் அதே மருத்துவமனைதான்.

அடுத்த நாள் கட்டைப் பிரித்தார்கள். சுவர் காலண்டரில் தேதி மட்டுமில்லை, கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரும் தெரிந்தது. சொட்டு மருந்துக்கு அட்டவணை கொடுத்தார்கள்: முதல் வாரம் ஒரு நாளைக்கு ஆறு தடவை, அடுத்த வாரம் ஐந்து, இப்படி ஆறு வாரத்தில் குறைத்துக்கொண்டே வருவது. தலைக்குக் குளிக்கக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது. ரெண்டு வாரம் ஒழுங்காக விட்டேன். மூன்றாவது வாரம் கேரல் பயிற்சி தொடங்கிவிட்டது. கண் நன்றாக இருக்கிறதே என்று ஒருநாள் விட்டுப்போனது, அப்புறம் நாலு நாள் தொடர்ந்து விடவே இல்லை. ஐந்தாவது நாள் கண் சிவந்து, வெளிச்சத்தைப் பார்த்தால் உள்ளே குடைந்தது, பார்வையில் பனி.

வீட்டில் எல்லோரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்று, தாய்ப்பால் விடு. அம்மாச்சி காலத்தில் செய்தது, அன்போடு சொல்கிறார்கள், கோபப்பட முடியவில்லை. ஆனால் நான் அப்போதுதான் ஹான்ஸ் ஸ்லோன் என்ற புகழ்பெற்ற லண்டன் மருத்துவர் 1745-இல் வெளியிட்ட கண் களிம்பைப் பற்றிப் படித்திருந்தேன்: துத்தநாகத் தூள், இரும்புக் கல், கற்றாழைப் பால், முத்துப்பொடி, எல்லாம் விரியன் பாம்புக் கொழுப்பில் குழைத்தது. கண் சிவந்தால் நெற்றிப்பொட்டில் அட்டை விடுவார்கள், காதுக்குப் பின்னால் கொப்புளம் வரவைப்பார்கள், ரத்தம் எடுப்பார்கள், பேதிக்குக் கொடுப்பார்கள். அவர்கள் முட்டாள்கள் இல்லை, அழற்சி உள்ளே நடக்கிறது என்று தெரியும், அங்கே போய்ச் சேருகிற மருந்து கையில் இல்லை. என் கையில் இருந்தது, பிரிட்ஜுக்குப் பக்கத்தில், மூடி திறக்காமல்.

மகளைக் கூட்டிக்கொண்டு அன்றைக்கே ஓடினேன். கண்ணுக்குள் அழற்சி, மருந்தைப் பாதியில் நிறுத்தியதால் வந்தது, கிருமி இல்லை என்று டாக்டர் சொன்னார். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கஷ்டம்மா" என்று மட்டும் சொன்னார், திட்டவில்லை. மணிக்கு ஒரு சொட்டு, ராத்திரி களிம்பு. பத்து நாளில் தெளிந்தது. அந்தப் பத்து நாளும் எனக்கு டெய்லரின் வண்டிதான் ஞாபகம். என் டாக்டர் ஊரைவிட்டுப் போகவில்லை, கூப்பிட்ட நேரத்துக்கு இருந்தார். கண்ணை விட்டுவிட்டுப் போனது நான்.

ஜனவரியில் இடது கண். ரெண்டுக்கும் நடுவில் இருந்த நாட்களில் ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பேன். எங்கள் சபை ஐயருடைய (போதகர்) வெள்ளை அங்கி வலது கண்ணுக்கு வெள்ளை, இடது கண்ணுக்கு டீ கொட்டிய துணி மாதிரி. செசெல்டன் 1728-இல் எழுதிய ஒரு பையனின் கதை ஞாபகம் வரும். ரொம்பச் சின்னதிலேயே பார்வை போன பையன், 13 வயதில் புரையைத் தள்ளிப் பார்வை வந்தது. பார்க்கிறதெல்லாம் கண்ணைத் தொடுகிற மாதிரி இருந்ததாம். பூனை எது நாய் எது என்று கண்ணால் தெரியாமல், பூனையைப் பிடித்துக் கையால் தடவிக்கொண்டே உற்றுப் பார்த்து மனசில் வைத்துக்கொண்டானாம். அவனுக்கும் இரண்டாவது கண்ணை ஒரு வருஷம் கழித்துத்தான் செய்தார்கள்.

இந்தத் தடவை அட்டவணையை ஆர்கன் பலகையிலேயே ஒட்டிவிட்டேன், போனில் ஆறு அலாரம். பயிற்சிக்கு நடுவில் அடித்தால் எல்லோரும் நிறுத்துவார்கள், ஆல்ட்டோ பாடுகிற பிள்ளை ஒருத்தி எழுந்து வந்து சொட்டு விட்டுவிட்டுப் போவாள். பிப்ரவரி கடைசியில் ஒரு புதன்கிழமை ராத்திரி கடைசிச் சொட்டு. அடுத்த ஞாயிறு காணிக்கை நேரத்தில், பாஹ் தன் பெயரின் நான்கு எழுத்துகளையே சுரமாக வைத்த கடைசி ஃபியூகை (ஒரே மெட்டைக் குரல் குரலாகப் பின்னிக்கொண்டு போகிற இசை) வாசித்தேன். அவர் எழுதி முடிக்காமல் விட்ட இடம் வரைக்கும், எழுபது சென்டிமீட்டர் கண்ணாடியோடு, ஐந்து கோடும் ஐந்தாகவே தெரிய.