பாசிட்டிவ்னா என்ன மேடம்?

"நெகட்டிவ்னு வந்திருக்குண்ணே" என்றேன். அவர் முகம் கறுத்துவிட்டது. கட்டட வேலை பார்ப்பவர், நாற்பது வயதிருக்கும். கையிலிருந்த ஓ.பி. சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சரிங்க மேடம்" என்று எழுந்து போனார். நான் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டேன். கால் மணி நேரம் கழித்து ஒரு பெண் கதவோரம் வந்து நின்றார். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். "எம் வீட்டுக்காரரு இன்னும் எம்புட்டு நாளைக்கு இருப்பாருன்னு மட்டும் சொல்லிருங்க மேடம். பிள்ளைக ரெண்டும் சின்னதுக."

அது 2008. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. தென்மாவட்டத்தில் ஒரு தாலுகா அரசு மருத்துவமனை, அதில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்கிற நம்பிக்கை மையம். ரத்தம் எடுப்பதற்கு முன்னாலும், முடிவு வந்த பிறகும் உட்கார்ந்து பேசுகிற ஆலோசகர் வேலை எனக்கு. அந்த மனிதரின் ரத்தத்தில் ஒன்றுமே இல்லை. நல்ல செய்தியைத்தான் சொன்னோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அந்தக் கால் மணி நேரத்தில், அவர் மனைவியிடம் பிள்ளைகளை யார் பொறுப்பில் விடுவது என்று பேசியிருக்கிறார்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். வேப்பமரத்தடியில் குத்த வைத்து உட்கார்ந்திருந்தார். "அண்ணே, உங்களுக்கு ஒண்ணும் இல்லைண்ணே" என்றேன். நம்பவில்லை. "அப்புறம் எதுக்கு நெகட்டிவ்னீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. டி.வி. தொடரில் நெகட்டிவ் ரோல் என்றால் குடும்பத்தைக் கெடுக்கிறவள். வாஸ்து பார்ப்பவர் வீட்டு மூலையைக் காட்டி நெகட்டிவ் எனர்ஜி என்கிறார். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பேச வருகிறவர் நெகட்டிவாக நினைக்காதே என்கிறார். அவர் காதில் விழுந்த இடத்திலெல்லாம் அது கெட்ட சொல். ஆய்வகத்தின் கதவைத் தாண்டினால் அதன் பொருள் மாறிவிடும் என்பதை நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் ஆய்வக நுட்பனர் அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "பரிசோதனைங்கிறது ஒரு கேள்விம்மா. தேடுனது கிடைச்சா பாசிட்டிவ், கிடைக்கலன்னா நெகட்டிவ். தேடுனது நல்லதா கெட்டதான்னு பரிசோதனை பண்ற கிட்டுக்குத் தெரியாது" என்றார். இத்தனை வருடத்தில் இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கேட்டதில்லை. அந்தச் சொல் லத்தீனில் 'வைத்தல்', 'நாட்டுதல்' என்ற பொருள் கொண்ட வேரிலிருந்து வந்தது என்று பின்னால் படித்தேன். இங்கே இது இருக்கிறது என்று நாட்டிக் காட்டுவது. நல்லது என்ற பொருள் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. நம் ஊருக்கு அந்த ஒட்டிக்கொண்ட பொருள் முன்னால் வந்து சேர, மூலப்பொருள் மருத்துவமனைக்குள்ளேயே தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு மருத்துவமனையில் அந்தச் சொல் எங்கெல்லாம் நடமாடுகிறது என்று கவனிக்க ஆரம்பித்தேன். காசநோய்ப் பிரிவில் 'சளி பாசிட்டிவ்'. ரத்த வங்கியில் 'ஓ பாசிட்டிவ்', 'பி நெகட்டிவ்'. கல்லூரி மாணவன் ஒருவன் தன் டிரைவிங் லைசென்ஸை எடுத்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க என் அறைக்கு வந்தான். அதில் ரத்த வகை பி பாசிட்டிவ் என்று அச்சாகியிருந்தது. விடுதியில் யாரோ, பாசிட்டிவ் என்றால் எய்ட்ஸ் என்று சொல்லியிருக்கிறார்கள். அவனை உட்கார வைத்து, இது சிவப்பணுவின் மேலே இருக்கிற ஒரு புரதம், ரீசஸ் குரங்கை வைத்து 1940-ல் கண்டுபிடித்ததால் ஆர்.எச். என்று பெயர், நம் நாட்டில் 100-ல் 90 பேருக்கு மேல் பாசிட்டிவ்தான், எனக்கும் அதுதான் என்று சொன்னேன். "அப்ப நெகட்டிவா இருந்தா நல்லதா மேடம்?" என்றான். அதுவும் இல்லை. பிரசவ வார்டில் நெகட்டிவ் வகைத் தாய்க்குப் பாசிட்டிவ் வகைப் பிள்ளை பிறந்தால், 72 மணி நேரத்துக்குள் ஊசி போட்டாக வேண்டும் என்று நர்ஸுகள் ஓடுவார்கள். நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை, சும்மா ஒரு குறி. அவன் நம்பிக்கையோடு போனானா, குழப்பத்தோடு போனானா என்று இன்னும் எனக்குத் தெரியாது.

எல்லாவற்றையும் விட என் மனதில் நிற்பது 2015-ல் வந்த ஒரு பெண். இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி மூன்று வருடம் கழித்து உண்டாகியிருந்தாள். கர்ப்பிணிகளுக்குச் செய்கிற வழக்கமான ரத்தப் பரிசோதனைக்கு வந்தாள். இரண்டு மாதத்துக்கு முன், இதே கட்டடத்தின் அந்தக் கோடி அறையில் சிறுநீர்ப் பரிசோதனை செய்து, "பாசிட்டிவ்மா" என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார். மூன்று வருடமாக மாமியார் வீட்டில் கேட்ட பேச்சுக்கெல்லாம் முடிவு கட்டிய சொல் அது. வாசலிலேயே புருசன் கையைப் பிடித்துக்கொண்டு அழுததாகச் சொன்னாள்.

எங்கள் மையத்தில் முதல் கிட்டில் கோடு விழுந்தால் யாரும் பாசிட்டிவ் என்று சொல்ல மாட்டோம். 'ரியாக்டிவ்' என்போம். வெவ்வேறு வகையான மூன்று கிட்டுகளிலும் அதே முடிவு வந்த பிறகே அந்தச் சொல்லுக்கு இடம். அவளுக்கு மூன்றிலும் வந்தது. கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று ஏழு வருடத்தில் ஓரளவு பழகியிருந்தேன். ஆனாலும் அவள் முந்திக்கொண்டாள். என் மேசையிலிருந்த சீட்டை எட்டிப் பார்த்து, அவளுக்கு வாசிக்கத் தெரிந்த அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தையை வாசித்துவிட்டு, சிரித்தாள். "இதுவும் பாசிட்டிவ்தானா மேடம்!"

இரண்டு அறைக்கும் நடுவே முப்பது அடி இருக்கும். அந்தச் சிரிப்பைக் கலைக்கிற வேலை எனக்கு வந்தது.

"பாப்பா, உன் ரத்தத்துல எச்.ஐ.வி. கிருமி இருக்கு. மாத்திரை சாப்பிட்டா நீ நல்லா இருப்ப. பிள்ளைக்கு வராம தடுக்க முடியும். அதை நாம சேர்ந்து செய்வோம்." அந்த வரிசையில்தான் சொன்னேன். முதல் வாக்கியத்துக்குப் பிறகு அவள் எதையும் கேட்டிருக்க மாட்டாள் என்று தெரிந்தும் சொன்னேன். மருந்தில்லாமல் விட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 குழந்தைகளுக்குத் தாயிடமிருந்து தொற்று வரும். ஒழுங்காக மருந்து கொடுத்தால் அது 5-க்கும் கீழே போகும். இந்தக் கணக்கை மறுநாளும், அதற்கு மறுநாளும் அவளுக்குச் சொன்னேன்.

தமிழில் இதற்கு நல்ல சொல் இல்லையா என்று அந்த நாட்களில் நிறையத் தேடினேன். சர்க்கரைப் பரிசோதனைக்கு மாதாமாதம் வருகிற ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், எங்கள் சுவரொட்டியில் இருந்த 'நேர்மறை' என்ற சொல்லைப் பார்த்து வருத்தப்பட்டார். "எதிர்மறையில இருக்கிற 'மறை'ங்கிறதே மறுக்கிறதும்மா. மறுக்கிறதுக்கு முன்னால 'நேர்' போட்டா எப்படி ஆமான்னு ஆகும்? இலக்கணத்துல அதுக்குப் பேரு உடன்பாடு. 'வந்தான்'னா உடன்பாடு, 'வரவில்லை'னா எதிர்மறை." அவர் சொன்னது சரி. ஆனால் கை நடுங்க உட்கார்ந்திருக்கிற ஒருத்தியிடம் 'உனக்கு உடன்பாடு' என்றால், எதற்கு உடன்பாடு என்றுதான் கேட்பாள். கணக்குப் பாடத்தில் அதே சொல் மிகை எண், குறை எண் என்று ஆனது. இயற்பியலில் நேர்மின், எதிர்மின் ஆனது. பாடத்துக்குப் பாடம் பொருத்தமாகத்தான் ஆக்கியிருக்கிறார்கள். என் அறைக்கு மட்டும் எதுவும் பொருந்தவில்லை. 2020-ல் செய்தித்தாள்கள் 'தொற்று உறுதி' என்று எழுத ஆரம்பித்தபோது, பரவாயில்லை, ஒருவழியாக ஒன்று கிடைத்தது என்று நினைத்தேன். கேட்டவுடன் விளங்குகிற சொல்.

நான் பேச்சில் வைத்துக்கொண்டது 'இருக்கு', 'இல்லை' இரண்டும்தான். அதிலும் சிக்கல் உண்டு. 'ஒண்ணும் இல்லை' என்பது நம் வீடுகளில் ஆறுதலுக்குச் சொல்கிற பேச்சு. சாகக் கிடக்கிறவரிடமும், "உனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்றுதான் சொல்கிறோம். வேப்பமரத்தடியில் அந்த மனிதர் என்னை நம்பாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். அதனால் 'ஒண்ணும்' என்ற சொல்லை விட்டுவிட்டேன். "எச்.ஐ.வி. கிருமி உங்க ரத்தத்துல இல்லை" என்று முழுசாகச் சொல்லி, "நான் என்ன சொன்னேன், நீங்க ஒரு தடவை சொல்லுங்க" என்று கேட்டு வாங்குவேன். இந்த இரண்டாவது பாதி எந்தப் பயிற்சியிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

'இல்லை' என்பதும் எப்போதும் முழு உண்மை ஆகாது. எங்கள் கிட்டு கிருமியைத் தேடுவதில்லை. கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்குகிற பொருளைத் தேடுகிறது. அது ரத்தத்தில் தெரியும் அளவுக்கு உண்டாகச் சில வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகலாம். போன வாரம் பயப்படும்படி ஏதாவது நடந்து இன்று வருகிறவருக்கு நெகட்டிவ் என்று வந்தால், 'இன்னைக்குத் தெரியலை, மூணு மாசம் கழிச்சு வாங்க' என்பதே அதன் சரியான மொழிபெயர்ப்பு. பிறந்த குழந்தைக்கோ நேர்மாறு. தாயின் உடம்பிலிருந்து எதிர்ப்புப் பொருள் குழந்தைக்கும் வந்து, ஒன்றரை வயது வரைகூடத் தங்கியிருக்கும். எட்டு மாதக் குழந்தைக்கு எங்கள் கிட்டில் கோடு விழுந்தால், அது தாயைப் பற்றிய செய்தியாக இருக்கலாம். அதனால்தான் ஆறாவது வாரத்தில் குழந்தையின் குதிகாலில் குத்தி, அட்டையில் ரத்தப் பொட்டு எடுத்து, கிருமியையே தேடுகிற வேறு பரிசோதனைக்கு அனுப்புகிறோம். கடைசி முடிவு பதினெட்டாவது மாதத்தில். ஒரே சொல் வயதுக்கு வயது வேறு விதமாகப் பேசுகிறது.

இந்தச் சொல்லுக்கும் இந்த நோய்க்கும் நம் நாட்டில் முதலில் முடிச்சு விழுந்ததே தமிழ்நாட்டில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்டலில் நிர்மலா என்ற மாணவி சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போயின. ஆறு மாதிரிகளில் பாசிட்டிவ் வந்தது. அன்று அது மரண அறிவிப்பு. 2004 ஏப்ரலில் தாம்பரம் மருத்துவமனை உள்ளிட்ட சில இடங்களில் கிருமி பெருகாமல் தடுக்கிற ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. அதன்பிறகு, மாத்திரை போட்டுக்கொண்டு பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்து, பேரன் பேத்தி பார்த்தவர்களை எனக்குத் தெரியும். சொல் மாறவில்லை. அதன் எடை குறைந்தது.

தொற்றோடு வாழ்கிறவர்கள் அந்தச் சொல்லைத் தங்களுக்கே எடுத்துக்கொண்டார்கள். எங்களோடு வேலை பார்த்த ஒரு அக்கா, புதிதாக வருகிறவர்களிடம், "நானும் பாசிட்டிவ்தான், பதினோரு வருசமாச்சு" என்று ஆரம்பிப்பார். நான் அரை மணி நேரம் பேசி வராத தெம்பு அந்த ஒரு வரியில் வரும். படிவத்தில் ஒருமுறை 'நோயாளி' என்று எழுதியதைப் பார்த்துவிட்டு, "எனக்கென்ன நோயா? அடிச்சு அதை பாசிட்டிவ்னு எழுது" என்றார். அவர் வாயில் மட்டும் அந்தச் சொல்லின் இரண்டு பொருளும் சண்டையில்லாமல் ஒன்றாக இருந்தன. அதை நான் மொழிபெயர்க்க முயன்றதில்லை.

கொரோனா வந்த பிறகு விளக்குவது எளிதாகிவிட்டது. டீக்கடையிலும் பாசிட்டிவ் என்றால் தொற்று என்று தெரியும். ஆனால் அதில் ஒரு இழப்பும் இருந்தது. முன்பெல்லாம் வரிசையில் நிற்பவர்கள் காதில் அரைகுறையாக விழுந்தாலும் அந்த இங்கிலீஷ் சொல் ஒரு திரையாக இருந்தது. இப்போது திரை போய்விட்டது. ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது என்று 2017-ல் வந்த சட்டம் சொல்கிறது. எங்கள் அறையின் கதவோ சரியாகச் சாத்தாது. கதவைச் சரிசெய்யச் சொல்லி எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறேன்.

அந்தப் பெண்ணுக்குப் பையன் பிறந்தான். ஆறு வாரம் சொட்டு மருந்து தவறாமல் கொடுத்தாள். தானும் மாத்திரையை ஒருநாள்கூட விடவில்லை. ஒவ்வொரு பரிசோதனைக்கும் முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுவாள். பதினெட்டாவது மாதம் முடிந்த வாரம் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவன் என் மேசையிலிருந்த ரப்பர் ஸ்டாம்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான்.

"பையன் ரத்தத்துல கிருமி இல்லை. இனிமே இந்தப் பரிசோதனைக்கு அவனைத் தூக்கிட்டு வர வேண்டாம்" என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வார்த்தையைச் சொல்லுங்க மேடம்."

"எந்த வார்த்தை?"

"அந்த இங்கிலீஷ் வார்த்தை. அன்னைக்குத் தெரியாமச் சிரிச்சேன்ல. இன்னைக்குத் தெரிஞ்சு கேக்குறேன்."

"நெகட்டிவ்" என்றேன்.

"இன்னொரு தடவை" என்றாள். சொன்னேன். பையன் வாயிலிருந்து ஸ்டாம்பைப் பிடுங்கி மேசையில் வைத்துவிட்டு, அவன் காதருகே குனிந்து, அந்தச் சொல்லைத் தானே மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.