பர்கூர்ப் பையன் எதுவரை போவான்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே நான் எழுதப்போகும் பையன் ஒரு ஹாக்கி ஆட்டக்காரன். அவன் பெயர், அணிகள் பணம் கொடுத்து ஆட்களை எடுக்கும் அடுத்த ஹாக்கி இந்தியா லீக் ஏலத்தில் வராது. ஆனால் இன்னும் இரண்டு வருடத்தில் ரயில்வே, போலீஸ் மாதிரி ஏதாவது ஒரு டிபார்ட்மென்ட் டீமுக்கு ஆடிச் சம்பளம் வாங்குவான் என்று நம்புகிறேன். அதற்கு அவன் முன்னால் நின்று கோல் அடிக்கும் சென்டர் ஃபார்வர்ட் இடத்தை விட்டுவிட்டு, நடுவில் நின்று தடுத்துப் பந்தை முன்னே அனுப்பும் ஹாஃப் லைனுக்கு இறங்க வேண்டும். இதைச் சொன்னதும் அவன் கூட்டாளிகள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பரவாயில்லை.

பையனுக்கு இருபது வயது. பர்கூர் பக்கம் ஒரு கிராமம், கிருஷ்ணகிரியில் கல்லூரி, பி.ஏ. கடைசி வருடம். அப்பா மினி லாரி ஓட்டுகிறார். சீசனில் மாங்கூழ் ஆலைகளுக்குக் காய் ஏற்றுவார், மற்ற மாதங்களில் கிடைக்கிற லோடு. அவர்தான் ஒரு நாள் மாலை வீட்டுக்கு வந்தார். காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

“சார், நீங்க ஆடுனவரு. உள்ளத உள்ளபடி சொல்லுங்க. இவன இன்னும் ரெண்டு வருஷம் ஆட விடலாமா, இல்ல பரிட்ச முடிஞ்சதும் ஓசூர்ல ஒரு கம்பெனில சேத்துடட்டுமா?”

இந்தக் கேள்விக்கு “நல்லா வருவான்ணா, கவலைப்படாதீங்க” என்று பதில் சொல்லக் கூடாது. அவருக்கு அது இரண்டு வருடச் சம்பளம். நான் சென்னையில் ஒரு டிபார்ட்மென்ட் டீமில் லெஃப்ட் ஹாஃப் ஆடியவன், அப்புறம் டிரையல்ஸ் என்னும் ஆள் தேர்வு ஆட்டங்களில் தேர்வாளர்கள் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பு எழுதியவன். ஆகவே பையனைச் சரியாகப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அந்த சீசன் முழுக்க அவன் ஆட்டங்களுக்குப் போனேன்.

கல்லூரி அளவில் அவன் கோல் அடித்துத் தள்ளுகிறான். பெரியார் பல்கலைக்கழகத்துக்குக் கீழே சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி என நான்கு மாவட்டக் கல்லூரிகள் வருகின்றன. அந்த இன்டர் காலேஜ் ஆட்டங்களில் அவனுடைய வேகத்துக்கு ஈடு கொடுக்கும் டிஃபெண்டர்கள் குறைவு. பந்தை முன்னால் தட்டிவிட்டு ஓடினாலே, கோலுக்கு முன்னால் இருக்கும் ‘டி’ வட்டத்துக்குள் தனியாக நிற்பான். எதிரே கோல்கீப்பர் மட்டும். அந்தக் கோல்களை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. தேர்வாளர்களும் எடுக்க மாட்டார்கள். தட்டிவிட்டு ஓடும் வித்தை, இடைவெளியை முன்பே அடைத்து நிற்கும் ஒரு நல்ல ஃபுல் பேக்கிடம், அதாவது கடைசி வரிசைத் தடுப்பாட்டக்காரரிடம் செல்லாது.

நான் பார்த்தது பந்து அவனிடம் வருவதற்கு முந்தைய இரண்டு நொடிகளை. அங்கேதான் குறை தெரிந்தது. பந்து கிளம்பியதிலிருந்து ஸ்டிக்கில் விழும் வரை கண்ணை அதிலேயே வைத்திருக்கிறான். தோளுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று ஒரு முறைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. கோலுக்கு முதுகு காட்டி வாங்குகிறான், வாங்கிய பிறகுதான் தலையைத் தூக்குகிறான். அதற்குள் நல்ல டிஃபெண்டர் ஸ்டிக்கை உள்ளே விட்டிருப்பார்.

இதில் பையனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவனை இப்படி ஆக்கியது தரை. அவன் ஆடி வளர்ந்தது செம்மண்ணும் சரளையும் கலந்த மைதானம். அங்கே பந்து நேராக வராது. ஒரு சின்னக் கல்லில் பட்டால் முழங்காலுக்கு எழும்பும், பல்லையும் பதம் பார்க்கும். கடைசி நொடி வரை பந்தைப் பார்ப்பவன்தான் அங்கே பிழைப்பான். டர்ஃப் என்னும் செயற்கைப் புல்தரையில் நிலைமை நேர் எதிர். தண்ணீர் தெளித்த தரையில் பந்து சொன்ன பாதையில், அதுவும் மண்ணில் கற்பனை செய்ய முடியாத வேகத்தில் வரும். பாதை தெரிந்துவிட்டால் கண்ணுக்கு வேலை வேறு. யார் எங்கே, அடுத்த பாஸ் யாருக்கு, திரும்ப இடமிருக்கிறதா? டர்ஃபில் வளர்ந்த பையன் பந்து வருவதற்குள் இரண்டு முறை சுற்றிப் பார்த்துவிடுகிறான். மண்ணில் வளர்ந்தவனுக்கு இந்தப் பழக்கம் தானாக வராது, உட்கார்ந்து சொல்லிக் கொடுத்துத்தான் வரவேண்டும். நம் மாவட்டத்துப் பையன்கள் மாநில டிரையல்ஸில் கழிவது பெரும்பாலும் இதனால்தான். திறமை போதாமல் கழிகிறவர்கள் அவர்களில் கொஞ்சம் பேர்தான்.

இதைச் சரிபார்க்க அவனை பெங்களூருவில் டர்ஃபில் நடந்த ஒரு நட்பு ஆட்டத்துக்குக் கூட்டிப்போனேன். தெரிந்த கிளப் ஒன்று ஆள் குறைகிறது என்றது. முதல் குவார்ட்டர் முழுக்கத் திணறினான். பந்து ஸ்டிக்கில் பட்டுத் தெறித்துப் போனது. மண்ணுக்கு வேண்டிய மாதிரி கையை இறுக்கிப் பிடித்திருந்தான். டர்ஃபில் பிடி தளர்ந்திருக்க வேண்டும், ஸ்டிக் கொஞ்சம் பின்வாங்கிப் பந்தை ஏந்த வேண்டும். இரண்டாம் குவார்ட்டரில் அதைத் தானாகவே கண்டுபிடித்துவிட்டான், யாரும் சொல்லவில்லை. அதை நான் பெரிதாகக் குறித்துக்கொண்டேன்.

அதைவிடப் பெரிதாகக் குறித்தது மூன்றாம் குவார்ட்டரில் நடந்தது. எதிர் அணியின் 23 மீட்டர் கோட்டுக்குப் பக்கத்தில் பந்தைப் பறிகொடுத்தான். கல்லூரி ஃபார்வர்ட் ஒருவன் அந்த இடத்தில் இடுப்பில் கை வைத்து நிற்பான், அல்லது அம்பயரைப் பார்த்துக் கையை விரிப்பான். இவன் திரும்பி ஓடினான். பந்தை எடுத்துக்கொண்டு போனவர் அவனைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர், வலது ஓரமாகப் போனார். இவன் நேராகத் துரத்தாமல் உள்பக்கமாக, கோலுக்கும் அவருக்கும் நடுவே வரும்படி வளைந்து ஓடினான். மைதானத்தின் நடுக்கோடு தாண்டியது, இவன் ஸ்டிக்கை நீட்டவில்லை. எங்கள் 23 மீட்டர் கோடு நெருங்கியது, அப்போதும் நீட்டவில்லை. அவர் பந்தை உடம்பிலிருந்து அரை அடி தள்ளவிட்ட அந்த ஒரு தருணத்தில் ஸ்டிக்கைத் திருப்பிப் பிடித்து ரிவர்ஸில் ஒரு குத்து. காலில் படவில்லை, ஃபவுல் இல்லை. எடுத்த பந்தை வைத்து அழகு காட்டாமல் பக்கத்தில் நின்ற ரைட் ஹாஃபுக்குத் தள்ளிவிட்டு மூச்சு வாங்கினான்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். ஓடும்போது பொறுத்திருப்பது ஹாஃப் பேக்கின் குணம். பாதி ஃபவுல்கள் அவசரத்தில் நீட்டும் ஸ்டிக்கால் வருகின்றன. அம்பயர் எச்சரிக்கையாகக் காட்டும் கிரீன் கார்டு வாங்கினால் இரண்டு நிமிடம் வெளியே, அணிக்குப் பத்துப் பேர். இந்தப் பொறுமையைப் பயிற்சியில் ஏற்றுவது ரொம்பக் கஷ்டம். ஆட்டம் முடிந்ததும், “ஏம்ப்பா அவ்வளவு தூரம் நீட்டாம வந்த?” என்று கேட்டேன். “அவரு எப்பவாச்சும் தள்ளுவாருன்னு தெரியும் மாஸ்டர்” என்றான். இருபது வயதில் இந்தப் பதிலைச் சொல்லும் பையன்கள் குறைவு.

அப்புறம் உடம்பு. ஆள் குட்டை, ஒல்லி. குட்டை ஒரு பிரச்சினையே இல்லை, ஒல்லி பிரச்சினை. தோளோடு தோள் மோதும்போது ஒதுங்குகிறான். ஆறு மாதம் முறையாக ஜிம்மும் முட்டையும் பயறும் கிடைத்தால் சரியாகிவிடும். ஓட்டத்தில் ஒரு முறை பறக்கிறான், பத்தாவது முறையும் அதே வேகம் வருகிறதா என்பதுதான் கேள்வி. யோ-யோ டெஸ்ட் இதைத்தான் அளக்கிறது: இருபது மீட்டர் போய்த் திரும்பி, பத்து நொடி மூச்சு வாங்கி, மறுபடி ஓடு, போகப் போக வேகம் கூடும். கல்லூரிப் பையன்கள் அதில் சீக்கிரமே நின்றுவிடுகிறார்கள். பதினைந்து நிமிடம் வீதம் நான்கு குவார்ட்டர், எத்தனை முறை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம் என்று ஆன பிறகு, உள்ளே இருக்கும் சில நிமிடங்களில் முழு வேகத்தில் ஓடத் தெரியாதவனுக்கு இடம் கிடையாது.

அவனுடைய ஆசையெல்லாம், பெனால்டி கார்னரில் பந்தை ஸ்டிக்கால் இழுத்துக் கோலுக்குள் வீசும் டிராக் ஃப்ளிக்மேல்தான். செல்போனில் இந்திய அணியின் ஹர்மன்பிரீத் சிங்கின் ஃப்ளிக் வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். மண் தரையில் பந்தை இழுத்து ஃப்ளிக் செய்யப் பழகினால் தோளும் இடுப்பும்தான் போகும், பந்து போகாது. டர்ஃப் கிடைக்கும்வரை அதை விடச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பதில் எதிரணிக்குக் கிடைக்கும் பெனால்டி கார்னரில் முதல் ஆளாக ஓடிவந்து தடுக்கும் ‘ரஷ்’ வேலையைக் கற்றுக்கொள்ளச் சொன்னேன். முகமூடியும் முழங்கால் பேடும் மாட்டிக்கொண்டு, ஃப்ளிக் வரும் பாதையில் நேராக ஓட வேண்டும். இந்திய அணியில் அமித் ரோஹிதாஸ் அந்த ஒரு வேலையிலேயே தனி மதிப்புப் பெற்றவர். தைரியமும் முதல் ஐந்து மீட்டர் வேகமும் போதும், இரண்டும் இவனிடம் உண்டு. டிரையல்ஸில் ஹாஃப் ஆடத் தெரிந்து, ரஷ்ஷும் போகிறவன் என்றால் தேர்வாளர் பேனாவைக் கீழே வைக்க மாட்டார்.

இனி அவன் அப்பாவுக்குச் சொன்ன பணக் கணக்கு. ஏழு வருட இடைவெளிக்குப் பிறகு 2024 அக்டோபரில் லீக் ஏலம் நடந்தபோது ஹர்மன்பிரீத்தை 78 லட்சத்துக்கு எடுத்தார்கள். அந்தச் செய்தி ஊரெல்லாம் பரவியது. அடிப்படை விலை 2 லட்சத்திலிருந்து தொடங்கியதை யாரும் பேசவில்லை. அந்த ஏலத்தில் எட்டு அணி, அணிக்கு 24 பேர், அதில் எட்டு வெளிநாட்டவர். மிச்சம் 16 இந்தியர், அதில் நான்கு ஜூனியர். நாடு முழுக்கக் கூட்டினால் 128 பேர். பஞ்சாப், ஹரியானா, ஒடிசாவில் பத்து வயதிலிருந்து டர்ஃபில் நிற்கும் பையன்களோடு இவன் அந்த மாதிரி ஒரு கூட்டத்துக்குள் வர வேண்டும். வந்தாலும் லீக் சில வாரங்களில் முடிந்துவிடும். மற்ற நாட்களுக்குச் சோறு போடுவது வேலைதான். ரயில்வே, வங்கி, வருமான வரி, போலீஸ் என்று விளையாட்டு வீரர்களுக்கான ஸ்போர்ட்ஸ் கோட்டா ஒதுக்கீட்டில் வேலைக்குச் சேர்ந்து, அந்த டீமுக்கு ஆடி வாழ்ந்தவர்கள்தான் இந்திய ஹாக்கியின் முதுகெலும்பு. நம் ஊரில் தொழில்முறை என்றால் முதலில் இதுதான்.

வயதையும் மறைக்கவில்லை. அரியலூர்ப் பையன் கார்த்தி செல்வம் 2022 ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக, தன் முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தபோது ஏறக்குறைய இவன் வயதுதான். கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேலும் அதே அணியில் இருந்தார். கோவில்பட்டியில் ஹாக்கிக்கென்று ஒரு பாரம்பரியம் இருக்கிறது, சின்ன வயதிலேயே விடுதியும் பயிற்சியாளரும் அகில இந்தியப் போட்டியும் கண்ணெதிரே கிடைக்கின்றன. இவன் ஸ்டிக்கைப் பிடித்ததே ஒன்பதாம் வகுப்பில், ஒரு பி.டி. மாஸ்டர் ஆள் பற்றாமல் கூப்பிட்டதால். அதற்கு முன் போன வருடங்களை யாராலும் திருப்பித் தர முடியாது. இதில் எனக்கு வருத்தம் உண்டு. தேசிய முகாம் நடக்கும் பெங்களூரு சாய் (இந்திய விளையாட்டு ஆணைய) மையம் கிருஷ்ணகிரியிலிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். நெடுஞ்சாலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்விடலாம். அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு, பந்து எழும்புமா படுக்குமா என்று தெரியாத தரையில் நம் பிள்ளைகள் ஆடுகிறார்கள்.

அப்பாவிடம் நான் சொன்னது இது. டிகிரியை முடிக்கட்டும், அரியர் வைக்கக் கூடாது. பல்கலைக்கழக டீமில் ஹாஃபாக இடம் பிடிக்கட்டும். தென்மண்டல, அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில் ஆடினால் கிடைக்கும் படிவம் 3 சான்றிதழ் கோட்டா விண்ணப்பத்துக்கு உயிர்நாடி. அதற்குப் பிறகு ஒரு வருடம் சென்னையில் தங்கி ஏதாவது ஒரு கிளப்புக்கு லீக் ஆடட்டும், எழும்பூர் டர்ஃபில் தினமும் நிற்கட்டும். அந்த வருட முடிவில் எந்த டிபார்ட்மென்ட்டும் டிரையல்ஸுக்குக்கூடக் கூப்பிடவில்லை என்றால் ஓசூர் கம்பெனி எங்கேயும் போய்விடாது, நானே வந்து சொல்கிறேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “சான்றிதழ் கைல வந்தா அது எத்தன வருஷத்துக்குச் செல்லும் சார்?” என்று கேட்டார். சரியான கேள்வி. அறிவிப்புக்கு அறிவிப்பு விதி மாறும், ஒவ்வொன்றையும் படித்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சரி, ஒரு வருஷம் பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார்.

பையனை ஒத்துக்கொள்ள வைப்பது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. கோல் அடிப்பவனைத்தான் எல்லாரும் தோளில் தூக்குகிறார்கள் என்றான். அவன் வயதுக்கு அது நியாயமான வருத்தம். அந்த பெங்களூரு ஆட்டத்தில் என்னிடம் வந்து உன் நம்பரைக் கேட்ட கிளப் மேனேஜர் எதைப் பார்த்துக் கேட்டார் தெரியுமா என்றேன். யோசித்தான். இப்போது வாரத்தில் மூன்று நாள் காலையில் லெஃப்ட் ஹாஃபில் நின்று ஆடுகிறான், பந்து வருவதற்கு முன் தோளுக்குப் பின்னால் நான் எத்தனை விரல் காட்டுகிறேன் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு வாங்க வேண்டும் என்பது பயிற்சி. முதலில் பாதிக்கு மேல் தப்பாகச் சொன்னான். இப்போது பெரும்பாலும் சரியாகச் சொல்கிறான், ஆனால் பந்தை விட்டுவிடுகிறான். அது வரும்.

சென்னையில் கிளப் நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். ஜூன் முதல் தங்க ஒரு இடமும், வாரம் நான்கு நாளாவது டர்ஃபில் பயிற்சியும் கிடைத்தால் போதும். அரிசியும் பருப்பும் ஊரிலிருந்து அனுப்பிவிடுவதாக அவன் அப்பா சொல்லியிருக்கிறார். டர்ஃப் ஷூ மட்டும் வேண்டும், எட்டாம் சைஸ்.