உறையிட்ட பன்றித் திட்டுச் செல்கள்: ஆய்வில் பங்கேற்ற அனுபவம்

முதல் வகை நீரிழிவோடு பல ஆண்டுகள் வாழ்பவர்களில் சிலருக்கு, சர்க்கரை தாழும்போது வரவேண்டிய நடுக்கமும் வியர்வையும் வராமலே போய்விடும். எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. பேசிக்கொண்டிருக்கும்போதே நினைவு தப்பும், அருகில் இருப்பவர் கவனித்தால்தான் உண்டு. பன்றியின் கணையத்தில் திட்டுத் திட்டாக இருந்து இன்சுலின் சுரக்கும் திட்டுச் செல்களை மனிதருக்குப் பொருத்தும் மருத்துவ ஆய்வுக்கு நான் விண்ணப்பித்தது இதற்காகத்தான். இன்சுலின் ஊசியை அடியோடு விட்டுவிடலாம் என்ற ஆசையில் அல்ல.

தேர்வுக்கான பரிசோதனைகள் வழக்கமானவையே. என் உடல் இன்சுலினைச் சுரக்கவில்லை என்பதை இன்சுலினோடு சேர்ந்தே உடலில் உருவாகும் சி-பெப்டைடு என்ற பொருளின் அளவைக் கொண்டு உறுதிசெய்தார்கள்.

நெடுநேரம் பிடித்தது ஒப்புதல் படிவம். பன்றியின் மரபணுத் தொகுதியிலேயே சில ரெட்ரோவைரஸ்கள் (தம் மரபணுவைச் செல்லின் மரபணுவுக்குள்ளேயே செருகிக்கொள்ளும் வைரஸ்கள்) பொதிந்துள்ளன. அவை மனிதச் செல்களைத் தொற்றக்கூடும் என்று 1997இல் ஆய்வகத்தில் தெரியவந்தது. பன்றிச் செல்களைப் பெற்ற மனிதர்களிடம் அத்தொற்று காணப்படவில்லை என்றாலும், வாழ்நாள் முழுவதும் இரத்த மாதிரி தரவேண்டும், இரத்த தானம் செய்யக் கூடாது. "இது உங்கள் ஒருவருடைய கையெழுத்தோடு முடியாது" என்று மருத்துவர் என் கணவரையும் அழைத்து உட்காரவைத்தார், ஏனெனில் எனக்குத் தொற்று வந்தால் அவருக்கும் பரவக்கூடும் என்பதால் அவரும் மாதிரி தரவேண்டும். அவர் ஒவ்வொரு வரியையும் படித்து, கேள்விகள் கேட்டு, அதன் பிறகே சம்மதித்தார். அந்தப் பொறுமையை நான் மிகவும் மதிக்கிறேன்.

அறுவைக்கு முன் குப்பியைக் காட்டினார்கள். சாய்த்தபோது, ஜவ்வரிசியைவிடச் சிறிய, கண்ணாடிபோல் தெளிந்த மணிகள் மெல்ல உருண்டு இறங்கின. பன்றிச் செல்கள் அவற்றுக்குள்தான் உறையிடப்பட்டிருந்தன. கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டால் ஆன அந்த உறையின் நுண்துளைகள் வழியே ஆக்சிஜனும் குளுக்கோஸும் உள்ளே செல்லும், இன்சுலின் வெளியே வரும். நோயெதிர்ப்புச் செல்கள் நுழைய முடியாது. 1980இல் லிம், சன் ஆகிய இரு ஆய்வாளர்களும் எலிகளில் காட்டிய வழி இது. எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் மருந்துகளை வாழ்நாள் முழுவதும் விழுங்க வேண்டியதில்லை என்பதே என்னைத் துணியவைத்தது. லேப்ராஸ்கோபி, அதாவது சிறு துளையிட்டுச் செய்யும் அறுவை, மூலம் வயிற்றறைக்குள் மணிகளைச் செலுத்தினார்கள். சில நாள் வயிறு கனத்திருந்தது, அவ்வளவே.

இன்சுலின் தேவை சற்றே குறைந்தது; ஊசி தொடர்கிறது. ஆனால் முன்னறிவிப்பின்றி நினைவு தப்புவது வெகுவாகக் குறைந்ததால், இரவில் என் கணவர் இடையிடையே எழுந்து என்னைத் தொட்டுப் பார்ப்பதில்லை. நாளடைவில் உறைகளைச் சுற்றி நார்த்திசு படர்ந்து, ஆக்சிஜன் கிடைக்காமல் செல்கள் மடியக்கூடும் என்று முன்பே சொல்லியிருக்கிறார்கள். அப்படி அவை செயலிழந்தாலும் நாங்கள் இருவரும் மாதிரி தருவது நிற்காது.