மச்சுப் பலகை நாட்கள்

மே 8

மச்சுத் தரைப் பலகைகளின் தேய்ப்பு முடிந்தது. 60, 80, 120 என்று மூன்று சுற்று உப்புத்தாள். மூக்குக்குள் இன்னும் தேக்குத் தூள். தலை குளித்தும் போகவில்லை.

மே 9

தம்பி பெங்களூரிலிருந்து பேசினான். ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டதாம். இரண்டு இட்லி சாப்பிட்டாராம். இரண்டு!

மே 11

கட்டில் கிடந்த இடம் மட்டும் வேறு நிறமாகத் தெரிகிறது. நான் பயந்துவிட்டேன். ஆசாரி அண்ணன் குனிந்து பார்த்து, "புதுசா இழைச்ச தேக்கு இப்படித்தான் திட்டுத்திட்டா இருக்கும் பாப்பா, வெளிச்சம் பட்டா தானா சேந்துக்கும்" என்றார். அவர் கவலையெல்லாம் ஜன்னலிலிருந்து மூன்றாவது பலகையில் இருக்கும் கறுப்பு வளையம்தான். ஆயாவின் வெற்றிலை உரல் வைத்த இடம் அது. இரும்பும் ஈரமும் சேர்ந்து மரத்துக்குள் இறங்கிய கறை, உப்புத்தாளுக்குப் போகாது. ஆக்ஸாலிக் ஆசிட் போட்டால் போய்விடும் என்றார். வேண்டாம் என்றேன். அப்பா தினமும் காலை ஊன்றி உட்காரும் இடம்.

மே 12

படி ஏறலாமாம், டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் வார்னிஷ், பெயின்ட் வாசனை கூடவே கூடாதாம்.

இதைக் கேட்டதிலிருந்து தூக்கம் இல்லை. நான் நினைத்து வைத்திருந்தது ஆளி விதை எண்ணெய். மரம் மரமாகவே இருக்கும், கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் தொட்டுத் தேய்த்துக்கொள்ளலாம். ஆனால் காய்ச்சாத எண்ணெய் காய வாரக்கணக்கில் ஆகும். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துத்தான் காயப்போட வேண்டும். இப்போது இருக்கிற மனநிலையில் அந்தத் துணியை வேறு ராத்திரி எழுந்து எழுந்து பார்க்க என்னால் முடியாது. ஆசாரி அண்ணன் மெலமைன் பாலிஷ் என்கிறார். கதவுக்கு அடித்த அன்று எனக்கே கண் எரிந்தது. தம்பி பி.யூ., அதாவது பாலியூரித்தேன் பூச்சு, என்கிறான். நல்ல கெட்டிதான். ஆனால் ஒரு இடத்தில் உரிந்தால் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டுப்போடுவது கஷ்டம், கடைசியில் மொத்தத் தரையையும் தேய்க்க வேண்டி வரும்.

அரக்கு பாலிஷ்தான் என்று முடிவு செய்தேன். ஸ்பிரிட் பறந்துவிடும், மறுநாளே வாசனை அடங்கிவிடும். தாத்தா காலத்துப் பூச்சும் அதுதான். மூலையில் மிச்சமிருந்த பழைய பூச்சில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டதும் பிசுபிசுவென்று இளகியது.

மே 13

கத்திரி வெயில். மச்சில் நிற்க முடியவில்லை. செந்தூரா வந்துவிட்டது, வாங்கவில்லை.

மே 15

துண்டுப் பலகையில் அரக்கு அடித்துக் காயவைத்தேன். தேன் மாதிரி நிறம், பார்த்துக்கொண்டே இருந்தேன். சொம்புத் தண்ணீர் சிந்தினால் தாங்குமா என்று சோதிக்கத்தான் எடுத்தேன். அப்புறம் என்ன தோன்றியதோ, கைக்குத் தடவும் சானிடைசரை ஒரு சொட்டு விட்டேன். ஐந்து நிமிஷம். துடைத்தால் துணியோடு பூச்சும் வந்தது. அதுவும் ஸ்பிரிட்தானே. அப்பா தலைமாட்டில் இனி அந்தப் பாட்டில் எப்போதும் இருக்கப்போகிறது. அழுகை வந்தது, தரைக்காக இல்லை.

மே 16

போன் வரவில்லை.

மே 17

வந்தது. 24ஆம் தேதி டிஸ்சார்ஜ்.

சரி, தம்பி சொன்னதில் பாதி, நான் சொன்னதில் பாதி. அடியில் ஒரு கை அரக்கு, மேலே தண்ணீரில் கரையும் பி.யூ. அந்த பி.யூ.வுக்கு வாசனை கொஞ்சம்தான், ஆனால் தனியாக அடித்தால் தேக்கு வெளிறித் தெரியும். அரக்கு அந்த நிறத்தைக் கொடுக்கும், தேக்கின் எண்ணெயையும் மேலே வரவிடாது. அரக்கில் மெழுகு இருந்தால் மட்டும் பி.யூ. ஒட்டாது. ஸ்பிரிட்டில் கரைத்துப் பாட்டிலை அசைக்காமல் வைத்திருக்கிறேன்.

மே 19

மெழுகு அடியில் சாம்பல் மேகம் மாதிரி படிந்திருக்கிறது. மேலே தெளிந்ததை மட்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டு, வேறு பாட்டிலுக்கு ஊற்றினேன்.

மே 20

அரக்கு ஒரு கை. வளையம் முன்பைவிடக் கறுப்பாகத் தெரிகிறது. அழகாக இருக்கிறது.

மே 22

தம்பி பஸ்ஸில் போட்டுவிட்ட பி.யூ. டப்பா நேற்று வந்தது. இன்று விடியற்காலை ஐந்தரைக்கே முதல் பூச்சு. வெயில் ஏறினால் ப்ரஷ் கோடு அப்படியே நின்றுவிடும். இறுகுவதற்கு ஒரு வாரமாவது விட வேண்டும். அதுவரை அப்பாவுக்குக் கீழறையில் படுக்கை. கேட்டால் கோபப்படுவார். கோபப்படட்டும்.

மே 23

மூன்றாவது பூச்சு. ஜன்னல் ஓரம் ஒரு எறும்பு ஒட்டிக்கொண்டது. ஊசியால் எடுத்தேன்.