டிராயரில் கிடந்த போன்

அப்பாவின் பழைய போன் இரண்டு வருஷமாக டிராயரில் கிடந்தது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. தயாரித்த நிறுவனம் அப்டேட்டை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான். நேற்று ராத்திரி உட்கார்ந்து அதில் லினேஜ்ஓஎஸ் என்ற, ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட இலவச இயங்குதளத்தை ஏற்றினேன்.

வேறு இயங்குதளம் ஏற்றவிடாமல் தடுக்கும் பூட்லோடரின் பூட்டைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அதனால் முதலில் அப்பா எடுத்த படங்களையெல்லாம் கணினிக்கு மாற்றினேன். கேபிளைச் செருகி, கட்டளைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். திரையில் ஒரு வளைகோட்டின் மேல் சின்ன வட்டம் ஓடிக்கொண்டே இருந்தது. போன் போய்விட்டதோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. திறந்தது! அந்தச் சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

2016 டிசம்பரில் சயனோஜென்மாட் என்ற பழைய ஆண்ட்ராய்டு திட்டம் மூடப்பட்டபோது, அதே மூலநிரலை எடுத்து ஆர்வலர்கள் தொடர்ந்ததுதான் இந்த லினேஜ். அதன் பின்னால் இருந்த நிறுவனம் கைவிட்டும் நிரல் பிழைத்தது. யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய திறமூல மென்பொருளின் மேல் எனக்கு இத்தனை பிரியம் வரக் காரணமே அதுதான்.

சிரமமும் இருக்கிறது. கேமரா முன்புபோல் இல்லை. அதை இயக்கும் மென்பொருளைத் தயாரிப்பாளர்கள் பூட்டியே வைத்திருக்கிறார்கள், வெளியில் இருப்பவர்கள் எவ்வளவுதான் செய்வார்கள்? வங்கிச் செயலியோ திறக்கவே மாட்டேன் என்கிறது. பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன பழைய மென்பொருளில் ஓடிய அதே செயலி, புது அப்டேட் உள்ள போனை நம்ப மறுக்கிறது. காசு கொடுத்து வாங்கிய போனில் எது ஓட வேண்டும் என்று நாம் முடிவு செய்வது குற்றமா? இதில் எனக்கு நிஜமாகவே கோபம்.

பணம் அனுப்ப மட்டும் அப்பா என் போனைக் கேட்கிறார். காலையில் அந்தப் பழைய போனில் செய்தி படித்துக்கொண்டிருந்தார். எழுத்தைக் கொஞ்சம் பெரிசாக்கித் தரச் சொன்னார்.