மணக்குடிக் காயலுக்கு ஒரு கூட்டு ஆய்வுத் திட்டம்: எழுதியதும் நடத்தியதும்

பழையாறு கடலில் சேரும் மணக்குடியில் நீரும் சேறும் எடுத்துப் பார்க்க, நாகர்கோவில் பக்கம் இரண்டு கல்லூரிகளும் வெளியூர் ஆய்வகம் ஒன்றும் சேர்ந்து மூன்றாண்டுத் திட்டம் எழுதினோம்.

முதலில் காலண்டர். குமரிக்கு இரண்டு மழை: ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. அரசு நிதிக்கான அனுமதி ஆணை மார்ச்சில் வந்து பணம் ஜூலையில் ஏறினால், ஆய்வு மாணவரைத் தேர்ந்தெடுத்து முடிப்பதற்குள் தென்மேற்குப் பருவம் போய்விடும். அதனால் முதல் ஆறு மாதத்தை ஆளெடுப்பு, கொள்முதல், முறைச் சோதனை என்று மட்டும் எழுதுங்கள். கடைசி நான்கு மாதத்தில் மாதிரி எடுப்பே வேண்டாம்.

அடுத்து பட்ஜெட். 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு மாணவர்) உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். மூன்றாம் ஆண்டில் எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வு மாணவர்) ஆக உயர்ந்தால் 42,000. ஒரே ஆளுக்கு மூன்றாண்டில் 13,92,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. இதைக் கழித்த பிறகுதான் கருவியைப் பற்றிப் பேச வேண்டும். கருவி எந்தக் கல்லூரியில் நிற்கும், வாரண்டி முடிந்தபின் பழுதுக்கு யார் பணம் தருவது, இரண்டையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

கூட்டு வேலை உடைவது பெரும்பாலும் பாட்டிலில்தான். உலோகம் பார்க்கும் நீரை ஒரு கல்லூரி 0.45 மைக்ரான் தாளில் வடிகட்டிவிட்டு நைட்ரிக் அமிலம் சேர்க்கும். இன்னொன்று வடிகட்டாமலே சேர்க்கும். முன்னது கரைந்த உலோகம், பின்னது மொத்த உலோகம். இரண்டையும் ஒரே அட்டவணையில் வைக்கவே முடியாது. ஒரு பருவ உழைப்பு வீண். பிஎச் 2-க்குக் கீழே போனதா என்று ஒவ்வொரு பாட்டிலிலும் பார்க்க வேண்டும். கரைந்த ஆக்சிஜனுக்கான 300 மில்லி பாட்டிலில் மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடும் வள்ளத்திலேயே விட்டு மூடவேண்டும். ஆய்வகம் வரை காத்திருந்தால் அளவு மாறிவிடும். இந்த முறைகளை ஒரே பக்கத்தில் எழுதி எல்லாரும் கையெழுத்திடுங்கள்.

வள்ள வாடகைக்கு ஜி.எஸ்.டி. பில் கிடைக்காது. தேதி, இடம், தொகை, பெயர், கையெழுத்துடன் வவுச்சர் வாங்கி, 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். ஐஸ், வேன் இவற்றையும் பட்ஜெட்டிலேயே போட மறக்க வேண்டாம்.

கொடுத்த பணம் எப்படிச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் ஜி.எஃப்.ஆர். (மத்திய அரசின் பொது நிதி விதிகள்) 12-ஏ படிவத்தில், தொடர் செலவுக்கும் கருவிச் செலவுக்கும் தனித்தனியாக வேண்டும். வங்கி வட்டி அரசுக்குத் திரும்பப் போகவேண்டியது; செலவழித்துவிடாதீர்கள். ஒரு கல்லூரியின் கணக்கு தாமதமானால் எல்லாருக்கும் அடுத்த தவணை நிற்கும். எனவே மார்ச் 31 வரை காத்திராமல், பிப்ரவரி இறுதியிலேயே மூவரின் பில்களையும் ஒரே மேசையில் கொட்டிச் சரிபார்த்துவிடுகிறோம்.